காலர் மைக்கின் வயர்

8 ஜூலை 1999

எனக்குக் குரல் போய்விட்டதாக வாசிப்பு மன்றத்தில் பேசிக்கொள்கிறார்கள். போகவில்லை. பார்வையற்ற மாணவர்களுக்காக நான் வாசித்துப் பதிந்த சட்டப் புத்தகக் கேசட்டுகளில் ஒரு கரகரப்பு. அவ்வளவுதான்.

செயலாளர் வெங்கடசுப்பிரமணியன் ஃபோன் செய்தார். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா. மிச்சத்தை வேற ஆள வச்சு வாசிச்சுக்கிறோம்.”

ரெஸ்ட்! என் கணவர் போன பிறகு, காலையில் குளித்துத் தயாராக இந்த வாசிப்பு ஒன்றுதான் எனக்குக் காரணம். இதையும் கொடுத்துவிட்டால்?

9 ஜூலை

மிளகுப்பால் குடித்துவிட்டு மறுபடி பதிந்தேன். அதே கரகரப்பு.

11 ஜூலை

அந்தக் கேசட்டைக் கேட்டுப் படிக்கிற பெண்ணே வந்துவிட்டாள். ஃபாயிஸா, கோரிப்பாளையம், சட்டக் கல்லூரி. பிறவியிலேயே பார்வையில்லை. கூடத் தாயார் சுல்தான் பீவி.

“மேடம், நீங்க விட்டுட்டுப் போயிறாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். பரீட்சை வருது. உங்க தொண்டையில ஒண்ணுமில்ல. பக்கம் புரட்டையிலதான் அந்தச் சத்தம் வருது. மைக் வயரு எதுலயோ உரசுது. கஞ்சி போட்ட சேலையா?”

ஆமாம். வாசிக்க உட்கார்ந்தால் மொடமொடப்பான சுங்குடிதான். காலர் மைக்கிலிருந்து தொங்குகிற வயர் எனக்கு ஆகாது. விறைப்பாக இழுத்துச் சேலையோடு இரண்டு ஊக்கு குத்திவிடுவேன். கான்வென்ட்டில் வளர்ந்த ஒழுங்கு.

“யாருக்கு மேடம் இம்புட்டு அலங்காரம்? நான் பாக்கவா போறேன்?”

“வாயப் பாரு இவளுக்கு!” என்று சுல்தான் பீவி அவளைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மைக்கை வழக்கம்போல் குத்தி ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளச் சொன்ன ஃபாயிஸா, அந்த வயரில் ஒரு விரலை லேசாக ஓட்டினாள். அப்பா! கூரைத் தகரத்தை இழுத்த மாதிரி. இழுத்துக் கட்டினால் தொட்டதெல்லாம் நேரே மைக்குக்குப் போய்விடுமாம்.

12 ஜூலை

கஞ்சியில்லாத பழைய வாயில் சேலை. அவள் சொன்னபடி, மைக் கிளிப்புக்குக் கீழே வயரைச் சின்ன வளையமாக்கி, அதையும் கிளிப்பிலேயே கவ்வவிட்டேன். கொஞ்சம் தளர்வு விட்டு, ரவிக்கையோடு சேர்த்துப் பிளாஸ்திரி. மீதி வயர் இடப்பக்கம் இறங்குகிறது. பக்கம் புரட்டுவது வலக்கை.

பார்க்க அலங்கோலம். கேட்டால் — வாசிப்பு மட்டும்.

என்ன காது அந்தப் பெண்ணுக்கு! நான் நாற்காலியில் சாயாமல் வாசிப்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மன்றத்தில் நாலு பேர் கமிட்டி கூடி என் தொண்டையைப் பற்றித் தீர்மானம் போட்டார்கள். இவள் ஒருத்திதான் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

20 ஜூலை

“புதுக் கேசட்டு அம்புட்டுத் தெளிவும்மா! மிச்சத்தையும் நீங்களே வாசிச்சிருங்க” என்றார் செயலாளர். கோளாறைக் கண்டுபிடித்தது ஃபாயிஸா, இனிக் கேசட்டுகளை அவளிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள் என்றேன். “அதுக்கென்ன, பாத்துக்கலாம்மா.”

வாய்ச்சொல் போதாது. மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி இன்று தபாலில் சேர்த்தேன்:

‘இனி யார் வாசித்தாலும், முதல் கேசட்டை ஃபாயிஸா கேட்டுச் சரி என்ற பிறகே பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அவளுக்குச் சம்பளம் தர வேண்டும். சம்மதமா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.’