வெறும் பால்

மார்ச் 4, காலை 6.10. கன்றுகள் ஐந்து.

ஐந்துக்கும் ஈறு வெள்ளை. உதட்டைப் பிரித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்தினாலும் வெள்ளை, விட்டாலும் வெள்ளை. மூத்ததற்கு எட்டு வாரம் ஆகிறது. எடை ஐம்பத்தொரு கிலோ. எழுபதைத் தொட்டிருக்க வேண்டும்.

அக்கா பால் வாளியோடு பின்னால் நின்றாள். "வந்ததும் வராததுமா அதுங்க வாய்க்குள்ள கைய விடாத. நீ முதல்ல ஏதாச்சும் சாப்பிட்டியா?"

மாமா பண்ணை வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டே, "விடும்மா, டாக்டர் பல்லு விளக்கி விடறாரு" என்றார்.

நான் டாக்டர் இல்லை. கால்நடை ஆய்வகத்தில் ரத்தம் பார்க்கிறவன். மாமாவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அப்படிக் கூப்பிடுகிறார்.

"கன்னுங்க வளரவே மாட்டேங்குது, வந்து பாருடா" என்று அழைத்தது அக்காதான். அதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் எனக்கே மறந்துவிடும்.

மார்ச் 5

இன்று கொட்டகையைப் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது.

போன வருஷம் கழிச்சல் கண்டு ஒரே வாரத்தில் அக்காவின் கன்றுகள் ஒவ்வொன்றாகப் போயின. மண்ணையும் வைக்கோலையும் நக்கியதால்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இப்போது தரையிலிருந்து உயர்த்திய பிளாஸ்டிக் பலகைத் தளம், பிளாஸ்டிக் வாளி. காலையும் மாலையும் மருந்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுகிறாள். வைக்கோல் கிடையாது, தீவனம் கிடையாது. மூன்று மாதம் வரை வெறும் பால். என் அறையைவிட அந்தக் கொட்டகை சுத்தம். அதுதான் பிரச்சினை.

பாலில் எல்லாம் இருக்கிறது, இரும்புச்சத்தைத் தவிர. தாய் வயிற்றிலிருந்து கன்று கொண்டுவரும் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். அப்புறம் புல், தீவனம், கொஞ்சம் மண் என்று வாயில் போக வேண்டும். இங்கே எதுவும் போகவில்லை.

கதவின் கீல் ஒன்றுதான் இரும்பு. கன்றுகள் அதை முறை வைத்து நக்கி, கண்ணாடிபோல் ஆக்கியிருந்தனவாம். துரு வயிற்றுக்கு ஆகாது என்று அக்கா சொல்ல, மாமா அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டார். இரண்டு கோட்!

மார்ச் 6

நேற்று எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஐந்தில் ஒன்றுகூட ஆறைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் முறைத்துப் பார்க்கிற கிடேரிக் கன்றுக்கு (அக்கா வைத்த பெயர் முறைப்பி) நாலரை.

தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "நீ அதுங்களைப் பட்டினி போட்டிருக்க" என்றேன்.

"மூணு வேளையும் என் கையால ஊட்டறேன். பட்டினியா?"

"வயித்துக்கு இல்ல. ரத்தத்துக்கு."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மாமா என்னைப் பார்த்தார். "நீ சொல்றது சரிதான்டா. ஆனா உன் வாய்க்கு ஒரு பிரேக் மாட்டணும்."

சரியானதைச் சொல்ல எதற்குப் பிரேக்?

மார்ச் 7

ஊர்க் கால்நடை மருத்துவரம்மா இரும்புச்சத்து ஊசி மருந்து கொடுத்தார். அளவு எழுதிக் கொடுத்தார். "நின்ன இடத்துலயே போடு. துரத்தாத, ஓட விடாத. மூச்சு விடவே அதுங்களுக்கு ரத்தம் பத்தல" என்றார். தலையாட்டினேன்.

அக்கா கேட்கவே இல்லை. போன வருஷமும் ஊசி போட்டார்களாம், போட்ட அன்றே ஒரு கன்று செத்ததாம். "மூணு மாசம் முடியட்டும். அப்புறம் தீவனம் தரேன்."

மூன்று மாதம் முடியும்போது தீவனம் இருக்கும். தின்ன எது இருக்கும்?

மார்ச் 8

மறுபடி கேட்டேன். மாட்டேன் என்றாள்.

மார்ச் 9

அக்காவும் மாமாவும் பால் கொண்டுபோன நேரம் கொட்டகைக்குள் போனேன்.

முதலில் முறைப்பி, அதற்குத்தான் ரத்தம் மிகக் குறைவு. என்னைக் கண்டதும் ஓடியது. பிடிக்கப் போனேன், நழுவியது. பலகையில் குளம்பு வழுக்க வழுக்க ஓடியது. மூன்று சுற்று. மூலையில் மடக்கி, முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து ஊசியைப் போட்டுவிட்டேன். விட்டதும் நின்றது. என்னை முறைத்தது. முன்னங்கால் இரண்டும் மடங்கின.

அவ்வளவுதான்.

நெஞ்சை அமுக்கினேன். வாயைத் திறந்து ஊதினேன். என்னென்னவோ செய்தேன்.

அக்கா வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டாள். "ஊசி போட்டியா?"

"ஆமா."

கொட்டகையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 10

மருத்துவரம்மா வந்து அறுத்துப் பார்த்தார். நான் உடலைப் பிடித்துக்கொண்டேன். இதயம் வீங்கி, வெளுத்து, தொட்டால் தொளதொளவென்று இருந்தது. ரத்தம், கழுவிய தண்ணீர்போல. நான் போட்ட மருந்து தசைக்குள் பழுப்பாக அப்படியே தேங்கிக் கிடந்தது.

"மருந்து இடத்தை விட்டே நகரலப்பா. அதுக்குள்ள இதயம் நின்னுடுச்சு." என் முகத்தைப் பார்த்தார். "ஓடுச்சா?"

தலையாட்டினேன். இந்த முறையும் தலையாட்டத்தான் தெரிந்தது.

ஆக, ஊசி கொல்லவில்லை. நான் துரத்தியதுதான் கொன்றது. அக்காவோ ஊசிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டால் மிச்சம் நாலுக்கும் ஊசி கிடையாது. நாலும் போகும். சொன்னால் நாலும் பிழைக்கலாம். நான் என்ன ஆவேன்?

அவள் தப்பைத் தட்டு முன்னால் வைத்துச் சொன்ன வாய்தானே இது? இப்போ ஏன்டா திறக்க மாட்டேங்குது?

மார்ச் 11

சொல்லவில்லை. பூட்டிய கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நாலும் படுத்திருந்தன.

மார்ச் 12

சொல்லிவிட்டேன். குழாயடியில் வாளி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஊசியால சாகலக்கா. நான் துரத்தினேன். ஓட விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. துரத்தினேன்."

தேய்ப்பது நிற்கவில்லை. "எத்தனை சுத்து?"

"மூணு."

இன்னொரு வாளியையும் தேய்த்துக் கவிழ்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"அப்ப ஊசி நல்லது. நீதான் ஆகாது."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "வா."

பலகைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தொண்டைக்குள்ளேயே ஏதோ ஒரு சத்தம் கொடுத்தாள். மூத்தது தானாக வந்து அவள் மடியில் தலையை வைத்தது. "போடு" என்றாள். போட்டேன். அது காதைக்கூட ஆட்டவில்லை. நாலுக்கும் அப்படியே. நாலு தடவை "போடு".

மார்ச் 15

இன்று முதல் வைக்கோலும் தீவனமும். அக்காதான் வைத்தாள். வைத்துவிட்டு ஒவ்வொன்றின் வாலையும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள், கழிச்சல் இருக்கிறதா என்று.

கன்றுகளில் கடைக்குட்டிக்கு இருமல்.

மார்ச் 19

கடைக்குட்டி போய்விட்டது. நுரையீரலில் சளி. ரத்தம் இல்லாத உடம்பு எதை எதிர்த்து நிற்கும்?

முறைப்பி செத்த அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று நாள் முன்னதாக ஊசி போட்டிருக்கலாம். பிழைத்திருக்குமா? எந்த ஆய்வகமும் எனக்கு இதைச் சொல்லாது. அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன். அக்கா, "நான்தான் இதுங்களை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தேன்" என்று ஆரம்பித்தாள். மாமா மண்வெட்டியை என் கையில் திணித்தார்.

"யாரு பெரிய பாவின்னு அக்காவும் தம்பியும் அப்புறம் போட்டி போடுங்க. இப்ப குழி வெட்ட ஆள் வேணும். நட."

வெட்டினேன். அவரும் வெட்டினார். யாரும் டாக்டர் என்று கூப்பிடவில்லை.

மார்ச் 27

மூன்றின் ஈறுகளிலும் லேசாக நிறம். அழுத்தினால் வெளுத்து, விட்டால் திரும்புகிறது. எடை ஏறுகிறது, ஆனால் ஏற வேண்டிய நேரம் போய்விட்டது. எலும்பு சிறுத்தே நிற்கும்.

அக்கா, "இதுங்க வளர்ந்து கன்னு போடுமா?" என்று கேட்டாள். குழாயடிக்கு அப்புறம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. விளக்க நிறைய இருந்தது.

"லேட்டாகும்க்கா" என்றேன்.

ஏப்ரல் 2

மடி இறங்கிய பெரிய பசு மதியத்திலிருந்து எழுந்து எழுந்து படுக்கிறது. இன்று மாலைக்குள் ஈன்றுவிடும். அக்கா சுடுதண்ணீர் வைத்துக்கொண்டே, "பிறந்ததுமே ஊசியா?" என்றாள். "ரெண்டாம் நாள்" என்றேன். "ம்."

விடுப்பை நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன். செய்ய வேண்டியவை:

1. பிறந்ததும் சீம்பால். அதில் அக்காவின் முறை சரி. வாயை மூடிக்கொண்டிரு.

2. இரண்டாம் நாள் ரத்தம் எடுத்துவிட்டு ஊசி. அளவை மருத்துவரம்மாவிடம் மறுபடி கேள்.

3. முதல் வாரத்திலேயே ஒரு பிடி தீவனம். கழிச்சல் கண்டால் அன்றே அக்காவிடம் சொல். மறுநாள் அல்ல.

4. கன்றைப் பிடிப்பது அக்கா.

5. அவள் வரத் தாமதமானால் கதவுக்கு வெளியே நில். காத்திரு.