பளபளப்பின் மேல் கருப்பு

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு லாரியின் முன் பம்பர் வந்தது. குரோம் பூசியது. பாதிதான் மிச்சம், மீதி இடமெல்லாம் தேமல் போலத் துரு. லாரி முதலாளி அதைக் கருப்பாக்கித் தரச் சொல்லியிருக்கிறார். இது சரியாக வந்தால் அவருடைய மற்ற ஐந்து லாரிகளும் வருமாம். மைத்துனன் வாயெல்லாம் பல்லாக நின்றான். பட்டறை அவனுடையது. என் மனைவியின் தம்பி, என்னைவிடப் பதினோரு வயது இளையவன், எனக்கு வேலை கொடுத்தவன். இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்திருக்கிறது.

பம்பரைக் கழற்றித் தந்த டிரைவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒன்பது வருடமாக அதே லாரி. தினமும் காலையில் டீசல் தொட்ட துணியால் பம்பரைத் துடைப்பாராம். "கருப்பு அடிச்சே ஆகணுமா சார்?" என்று கேட்டார், பிள்ளையை முடிவெட்ட உட்கார வைத்த தகப்பன் போல.

இந்தப் பட்டறையில் என்னைக் கேலியில்லாமல் சார் என்று கூப்பிட்ட முதல் ஆள்.

மார்ச் 4, செவ்வாய்

குரோம் தன்மேல் எதையும் ஒட்டவிடாது. துருவைச் சுரண்டினால் மட்டும் போதாது. நன்றாக இருக்கும் பளபளப்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சாகடிக்க வேண்டும். பிறகு பிரைமர், பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. அது காய ஒரு நாள். அதற்குப் பிறகுதான் கருப்பு. நான்கு நாள் கேட்டேன். நாளை சாயங்காலம் வேண்டும் என்றான் மைத்துனன். ஏன் முடியாது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"மாமா, இது காலேஜ் இல்ல. பாடம் எடுக்காம பெயிண்ட் அடிங்க."

பட்டறை வெல்டர் சிரித்தான். லாரிக்குள் எதையோ எடுக்க வந்த டிரைவர் மட்டும் தரையைப் பார்த்தார்.

பதினான்கு வருடம் வேதியியல் கற்பித்தேன். துறைத்தலைவர் தன் மருமகனுக்கு இடம் பண்ண என்னை வெளியேற்றியபோதும் சுற்றி நின்றவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஒரு முகம்கூட மறக்கவில்லை. இன்று வெல்டரையும் சேர்த்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

இதை உள்ளபடி எழுதிவைக்க வேண்டும்.

மதியம் மைத்துனன் வந்தான். குரல் இறங்கியிருந்தது. "வேணும்னா இன்னும் ரெண்டு மூணு நாள் எடுத்துக்குங்க மாமா. நான் முதலாளிகிட்ட பேசிக்கறேன்." அப்போது பிரைமர் டப்பாவின் மூடியைக்கூட நான் திறந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

"வேண்டாம். நீ சொன்னபடியே முடிச்சிடறேன்."

துரு இருந்த இடங்களை மட்டும் தேய்த்தேன். மற்ற இடங்களில் பளபளப்பின் மேலேயே அடித்தேன். மாலையில் பார்த்தால் முகம் தெரிகிற கருப்பு. வெல்டர்கூட விசிலடித்தான். இரண்டு வாரம் தாங்கும். அப்புறம் உரியும். உரியட்டும். மைத்துனன் மூஞ்சிக்கு நேராக உரியட்டும்.

மார்ச் 6, வியாழன்

பம்பரைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "கருப்பும் ஒரு அழகாத்தான் இருக்கு சார், நான் நல்லாப் பாத்துக்கறேன்" என்றார் டிரைவர். நான் கை கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 12, புதன்

இன்னும் ஒன்றும் ஆகவில்லை. என் கைவேலையைத் தம்பி போகிற இடமெல்லாம் சொல்கிறானாம். மனைவி பரிமாறிக்கொண்டே சொன்னாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

உரிந்துவிட்டது.

முதலாளியே லாரியோடு வந்தார். அவித்த முட்டையின் ஓடு போல, உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு துண்டாக. அடியில் குரோம் பல்லை இளித்தது. இதற்காகத்தான் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். மைத்துனன் முகம் வெளிறியது. அந்த ஒரு நிமிடம் எனக்கு - ஆமாம், இனித்தது.

"நீ என்னய்யா பண்ணின?" என்று முதலாளி டிரைவரிடம் கேட்டார். எப்போதும் போல டீசல் துணியால் துடைத்தேன், ஞாயிற்றுக்கிழமை பைப் வைத்துக் கழுவினேன் என்றார் அந்த மனிதர். யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். மைத்துனன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். டீசல் போட்டால் எந்தப் பெயிண்ட் நிற்கும்? என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க படிச்சவர். நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீசல் பெயிண்டைப் பாதிக்கும்" என்றேன்.

பொய்யில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

மார்ச் 19, புதன்

லாரிச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களாம்.

மார்ச் 21, வெள்ளி

டிரைவர் பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். என்னிடம்!

"நீங்க அவ்வளவு நல்லா அடிச்சுக் குடுத்தீங்க. நான்தான் தொடச்சுத் தொடச்சுக் கெடுத்துட்டேன். மறுபடி அடிக்கறப்ப கூப்பிடுங்க சார், நானே தேய்ச்சுத் தரேன். அதைப் பாத்தாவது முதலாளி மனசு மாறலாம்."

சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. வெல்டர் பக்கத்தில் நின்றான் - அது ஒரு காரணமா? "பார்க்கலாம்" என்றேன். பார்க்கலாம்! என்னை வெளியேற்றிய துறைத்தலைவர் கடைசியாகச் சொன்ன சொல்லும் அதுதான்.

மார்ச் 22, சனி

மைத்துனனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான்தான் நாள் தரேன்னு சொன்னேனே மாமா" என்றான். அப்புறம், "இப்ப இதை வெளிய சொன்னா மத்த அஞ்சு வண்டியும் வராது. எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

கடைசி வாக்கியத்தை அவன் ஏன் சொன்னான்? அது இல்லாவிட்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

மைத்துனனுக்குச் சொல்லாமல் முதலாளியின் அலுவலகத்துக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன்: தேய்க்காதது, தெரிந்தே தேய்க்காதது, டீசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதது. அவர் சிரித்தார்.

"டிரைவர் அனுப்பினானா? படிச்சவங்களுக்கே மனசு எளகுனது சார்."

அவன் அனுப்பவில்லை, நடந்தது இதுதான் என்று மறுபடியும் சொன்னேன். மேசை மேல் இருந்த பேனாவை நேராக வைத்துவிட்டுச் சொன்னார்: "சரி, உங்க மேலயே தப்புன்னு வெச்சுக்குவோம். அவனுக்கு வயசாயிடுச்சு, வண்டி நத்தையா போகுது. மாத்தணும்னு ஒரு வருஷமா நெனச்சிட்டிருந்தேன். பம்பர் ஒரு சாக்கு. நீங்க மறுபடி அடிச்சுக் குடுங்க, போதும்."

குற்றத்தை ஒப்புக்கொண்டேன், வாங்கிக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 28, வெள்ளி

மூன்று நாள் பம்பரைத் தேய்த்தேன், நேற்று பிரைமர் அடித்தேன். டிரைவரைக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? மைத்துனன் அவசரப்படுத்தவில்லை. இன்று கருப்பு ஏறியது. இனி எந்தக் காலத்திலும் உரியாது. யாருக்கு வேண்டும்?

மார்ச் 30, ஞாயிறு

டிரைவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. அவர் மனைவி டீ போட எழுந்து போன நேரத்தில் தாழ்ந்த குரலில் முழுதும் சொன்னேன். முதலாளி சொன்னதையும் சொன்னேன்.

அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் தடுப்பின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. முதலாளி வாசல்ல போய் நிக்கறேன்னு நாலு நாள் அழுதா. தப்பு என் மேலதான்னு சொல்லித்தான் அடக்கி வெச்சிருக்கேன்."

சார் என்று சொல்லவில்லை.

அந்த அம்மாள் இரண்டு தம்ளரோடு வந்தாள். என் முன்னால் ஒன்றை வைத்துவிட்டு நின்றாள். "நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சதை இவரு பாழாக்கிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க. இவரு மேல கோவம் இல்லையே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கோவம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவள் முகம் தெளிந்தது. டீயை முழுதும் குடித்துவிட்டு வந்தேன்.