ஒன்றாம் அறையின் பத்தியச் சீட்டு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நீ சொல்லிக்கொடுத்த பைத்தான் கம்ப்யூட்டர் மொழியை வைத்து, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் அடித்த தம்பட்டம் உனக்கே தெரியும். அறைக்கு ஒரு லிஸ்ட், அங்கே இருப்பவருக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்று, எல்லாம் கம்ப்யூட்டரில் லிஸ்ட்களைத் தொகுத்து வைக்கும் ஒரே டிக்‌ஷனரியில். அதிலிருந்துதான் தினமும் அறைவாரியாகப் பத்தியச் சீட்டு அச்சாகும். சுவரில் ஒட்டுவதற்காக எல்லா லிஸ்ட்டையும் ஒன்றாகச் சேர்க்க நினைத்தேன். முதல்ல ஒரு காலி லிஸ்ட் எடுத்துக்கோப்பா, அதுல ஒவ்வொண்ணா சேத்துக்கோ என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நான்தான் மேதாவி ஆயிற்றே! காலி எதற்கு, ஒன்றாம் அறை லிஸ்ட் இருக்கிறதே என்று மற்றவர்களுடையதை எல்லாம் அதிலேயே கொட்டிவிட்டேன். சுவருக்கு வந்தது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது நகல் இல்லை, ஒன்றாம் அறையின் சொந்த லிஸ்ட்டேதான் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

அந்த அறையில் இருப்பவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், சர்க்கரை மட்டும்தான் அவருக்கு ஆகாது. மறுநாளிலிருந்து உப்பு கிடையாது, பால் கிடையாது, முட்டை, மீன், தக்காளி எதுவும் கிடையாது. வெந்த பூசணிக்காய்தான் மிச்சம். மனிதர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் கைவிட்டுவிட்டார், நம்மிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். ரேடியோவைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு, ஒரு தடவ உன் மூஞ்சியப் பாத்துட்டா போதும்டா என்றிருக்கிறார். நர்சம்மா சீட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மேனேஜர் கேட்டதற்குக் கம்ப்யூட்டர் கோளாறு என்று வாய் கூசாமல் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது கண்ணு, அம்மா முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சீட்டைத் திருத்திவிட்டு, அவரிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். அப்புறம், பையன் டிக்கெட் போட்டுட்டான், அவன் வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பூசணிக்காய்ச் சீட்டே இருக்கட்டுமே என்றார். நாளைக் காலையில் மேனேஜரிடமும் சொல்லிவிடுவேன், மகனிடம் யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்விழிக்காதே, நன்றாக இருப்பாய். எனக்கும் அம்மாவுக்கும் எல்லாச் சாப்பாடும் ஒத்துக்கொள்கிறது, எங்களை நினைத்து நீ டிக்கெட் எதுவும் போட வேண்டாம். இதுவும் நான் வாய் கூசாமல் சொல்லும் பொய்தான்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா