நமத்த வெடி

மாமா,

இன்று காலை விருதுநகர் கடைத்தெருவில் பனங்கற்கண்டு வாங்கினேன். பொட்டலம் கைக்கு வருமுன்பே, "நாலு மிளகும் போடுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. மேடையேறுமுன் இரண்டையும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "தொண்டைதான் மாப்ள நமக்குச் சோறு போடுது" என்பீர்களே, அந்த வாசனையோடு நீங்களும் கூடவே வந்துவிட்டீர்கள்.

நான் பள்ளிவாசல் தெரு, நீங்கள் அம்மன் கோயில் தெரு. ஆனாலும் முதல் மேடையிலேயே மாமன் மாப்பிள்ளை ஆகிவிட்டோம். வார நாளில் நீங்கள் திருத்தங்கலில் பட்டாசு லோடு ஏற்றுவீர்கள், நான் மிளகாய் மண்டியில் தும்முவேன். ஞாயிறானால் இருவரும் பலகுரல் மன்னர்கள். மன்னர் நீங்கள், நான் உங்களிடம் அடி வாங்கும் ஆள். ஊசி வெடி, லட்சுமி வெடி, சரவெடி எல்லாமே உங்கள் வாய்க்குள் இருந்தன. 'ஸ்ஸ்ஸ்' என்று திரி எரியும்போதே கூட்டம் காதைப் பொத்தும். எங்கள் வாசலிலும் ஒன்று போடுவீர்கள். "வெடிச்சது போதும், உள்ள வாங்க, சாப்பிட்டீகளா?" என்பாள் அம்மா.

பிறகு, அக்கா வேலை பார்த்த பட்டாசு ஆலையில் மருந்து ரூம் வெடித்தது. உங்கள் மனைவி என்றாலும் எனக்கு அவர் அக்காதான்.

சில மாதம் கழித்து இருக்கன்குடியில் ஒரு காதுகுத்து. போக வேண்டாம் என்றேன். "சும்மா இருந்தா செத்துருவேன் மாப்ள" என்றீர்கள். கூட்டம் வழக்கம்போல "வெடி! வெடி!" என்று கத்தியது. திரி கொளுத்தினீர்கள். எல்லோரும் காதைப் பொத்தினார்கள். சத்தம் வரவில்லை. என் முதுகுப் பக்கம் உங்கள் கை என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது. நீங்களோ குனிந்து, இல்லாத வெடியை எட்டிப் பார்த்து, "ஏலே, நமத்துப் போச்சுலே!" என்றீர்கள். பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது.

இறங்கியதும் சொன்னீர்கள்: "அவ கடைசியாக் கேட்ட சத்தம் மாப்ள அது. என் வாயில எப்படி வரும்? யார்ட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா பாவம்னு பாப்பாக, சிரிக்க மாட்டாக."

அதற்கப்புறம் போன இடமெல்லாம் நமத்த வெடியைத்தான் கேட்டார்கள். "மனுசனுக்குக் கவலையே கிடையாதுப்பா" என்று என்னிடமே சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் தலையாட்டி வைப்பேன்.

நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்று, உங்களோடு லோடு ஏற்றியவர்கள் ஊர் வழக்கப்படி ஊர்வலத்துக்குச் சரவெடி கொண்டுவந்தார்கள். நான் குறுக்கே நின்றேன். "எங்க அண்ணனுக்கே வெடி இல்லையா?" என்று சண்டைக்கு வந்தார்கள். அப்போதுதான், சொல்லக்கூடாது என்றதைச் சொன்னேன். சரத்தைச் சுருட்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்கள்.

வெடியில்லாமல் தெரு அத்தனை அமைதியாக இருந்தது, மாமா. தாங்க முடியாமல் நானே 'ஸ்ஸ்ஸ்' என்று திரி கொளுத்தினேன். பழக்கம் விடுமா, சுற்றி நின்ற அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள். யாரோ அழுதுகொண்டே, "நமத்துப் போச்சுலே" என்றார். சிரித்தோம். உங்களைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

வருகிற ஞாயிறு சாத்தூரில் ஒரு கல்யாணம். தனியாகத்தான் போகிறேன். கன்னத்தில் கற்கண்டும் மிளகும் இருக்கும். திரி எரிந்து முடிந்ததும் உங்களைப் போலவே குனிந்து எட்டிப் பார்ப்பேன். பிடித்துக்கொள்ள ஒரு சட்டைதான் பக்கத்தில் இருக்காது.