கசிவைத் தேடிய விரல்

ஜூன் 10

வேலந்தாவளத்தில் விடாத மழை. பட்டறைக்கு மண் அள்ளும் லோடர் ஒன்று வந்திருக்கிறது. அழுத்தத்தில் ஆயில் ஓடும் ரப்பர் குழாயில், ஹைட்ராலிக் ஹோஸில், எங்கோ கசிவு. நாளைக்குப் பார்க்கவேண்டும்.

டிப்ளமோவில் ஹைட்ராலிக்ஸ் ஒரு பாடம். பம்பு, வால்வு எல்லாம் படமாக வரைந்தே பாஸானேன். கல்லூரியில் இருந்த ஒரே பம்பு கண்ணாடிப் பெட்டிக்குள். தொட்டால் ஃபைன்!

ஜூன் 13

கோவை ஆஸ்பத்திரி. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரி.

நேற்று முன்தினம் லோடர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "தடவிப் பாரு நவீனு, கசிவு எங்கன்னு கையே சொல்லிரும்" என்றார் பட்டறை முதலாளி சின்னையண்ணன். தடவினேன். ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. எறும்பு கடித்த அளவு ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி செல்வப்பிரியாதான் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "ஏனுங்க, வெளுத்துக் கெடக்குது. கிள்ளுனாத் தெரியுதுங்களா?"

தெரியவில்லை. காலையில் பார்க்கலாம் என்றேன். அவள் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றுவிட்டாள்.

இங்கே டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஊசி போட்ட மாதிரி ஆயில் உள்ள ஏறியிருக்குதுங்க. காலைல வந்திருந்தா கையே போயிருக்கும்." உடனே விரலைப் பிளந்து கழுவினார்கள்.

பிரியா என் பேச்சைக் கேட்டிருந்தால்? நல்லவேளை, அவ என்னிக்குமே என் பேச்சைக் கேட்டதில்ல.

ஜூன் 15

மறுபடி கழுவினார்கள். விரல் தப்புமா என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பேனர் பிடிக்காமல் நான் என்ன செய்வேன்?

ஜூன் 19

விரல் தப்பியது. டாக்டரம்மாவைக் கும்பிட ஒற்றைக் கைதான் இருந்தது.

பிரியா போனில் ஒரு வீடியோ காட்டினாள். கம்பு நுனியில் அட்டையைக் கட்டி, தள்ளி நின்று கசிவு பார்க்கிறார்கள். "இவ்வளவுதாங்களா? இதை உங்களுக்கு ஒருத்தருஞ் சொல்லலீங்களா?"

யார் சொல்வது? சின்னையண்ணனுக்கும்தான் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

வலது கையால் எழுதுகிறேன்! விரல் முழுதாக மடங்காது, ஆனால் ஸ்பேனர் பிடிக்கிறது. போதும் சாமி.

இன்று ஒரு டிராக்டர், அதிலும் கசிவு. அண்ணன் பழக்கத்தில் ஹோஸுக்குக் கையை நீட்டினார். "அண்ணா!" என்று கத்திவிட்டேன். கம்பில் பிஸ்கட் பெட்டி அட்டையைக் கட்டிக் கொடுத்தேன். "என்றா இது, கொழந்தை வெளையாட்டு" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். அட்டையில் சட்டென்று ஓட்டை விழுந்தது.

எஞ்சினை அணைத்தார். கையைத் துடைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இருவது வருசமாத் தடவீட்டிருக்கறன் நவீனு" என்றார். "பத்தும் இருக்குது."