உப்புக் கொட்டகையில் தொங்கும் ரீல்

ஜொகூர்,
13.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு, அற்புதராஜ் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா ஒழுங்காக மாத்திரை போடுகிறார்களா? விசாரித்தாயிற்று. இனி திட்டப்போகிறேன்.

நான் வேலை செய்யும் தூண்டில் கடையில் பொறுக்கி எடுத்து அனுப்பிய ராடும் ரீலும் வானூர்ப் பக்கத்து ஏரியில் மீன் பிடிக்க. நீங்களோ ரீலில் சுற்றியிருந்த தங்கூஸ் நரம்பை உருவி, உப்புப் பாத்தியில் வரப்பு நேராக வர அதைக் கயிறாகக் கட்டினீர்களாம்! வெறும் ரீலை உப்புக் கொட்டகையிலேயே மாட்டிவைத்தீர்களாம். தம்பி பெலிக்ஸ் போனில் சிரிக்கிறான்: "ரீலு சுத்தவே மாட்டேங்குதுண்ணே. அப்பா சைனா சாமான்னு திட்டறாரு."

சாமான் மேல் என்ன தப்பு? நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள் என்று மூன்று கடிதத்தில் எழுதினேன். நாற்பது வருடம் உப்பில் நிற்கிறவருக்கு, உப்பு இரும்பைத் தின்னும் என்று நானா சொல்ல வேண்டும்?

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து, குடித்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது, டாக்டர் எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

கூனிமேட்டு காசிம் பாய் அடுத்த மாதம் இங்கே வருகிறார். அந்த ரீலை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை, பிரித்துப் பார்க்கிறேன். என் கோபத்துக்குப் பயந்து இப்போது போய்க் கழுவித் தொலைக்காதீர்கள். உப்போடு அப்படியே வரட்டும்.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

அற்புதராஜ்