மைனா சொன்ன பொய்

சரோஜினி நகர், டில்லி
12.12.1996

என் பொம்மிக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றுதான் எனக்குக் கடிதம் ஆரம்பிக்கத் தெரியும். உனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

இங்கே குளிர் வந்துவிட்டது. உன் பஞ்சுப் போர்வையை, அந்த ரஜாயை, உன் தங்கச்சி உஷாதான் போர்த்திக்கொள்கிறாள். துவைக்கக்கூடத் தரமாட்டேன் என்கிறாள். உங்கப்பா ஆபீஸ் போகிறார், வருகிறார். பேச்சு குறைந்துவிட்டது.

உன்னை யமுனைக் கரைக்குக் கொண்டுபோன அன்றைக்கு உஷாவைப் பக்கத்து வீட்டு சுஷ்மா ஆன்ட்டியிடம் விட்டிருந்தோம். வீட்டுக்கு வந்ததும், அக்கா எங்கே என்றாள். காய்ச்சல் தீர ஊருக்கு, அத்தை வீட்டுக்குப் போயிருக்கா என்று உங்கப்பா சொல்லிவிட்டார். நாலு வயசுப் பிள்ளையிடம் வேறென்ன சொல்வது என்று நானும் தலையாட்டினேன். கொஞ்ச நாள் தினமும் கேட்டாள். அப்புறம் கேட்பதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் தூங்கும்போது கதை வேண்டும். நான் சொன்னால் 'ம்' கொட்டமாட்டேன் என்கிறாள். நீ நடுவில் நிறுத்தி, இப்போ நரிக்கு மனசுல என்ன இருக்கும், சொன்னாத்தான் மீதி என்பாயாமே. நான் அப்படிக் கேட்பதில்லையாம். "உனக்குக் கதை சொல்லவே ஆத்தா நஹீம்மா" என்றாள், பாதி ஹிந்தியில். எனக்குச் சொல்லத் தெரியாதாம். உங்கப்பாகூடச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாச்சு.

நேற்று நானே ஒரு மைனாக் கதை கட்டினேன். இரண்டு குஞ்சு. பெரியதைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. சின்னது கேட்டபோது அம்மா மைனா, அது பழம் தின்னத் தூரத்து மரத்துக்குப் போயிருக்கு, வந்துரும் என்றது. அங்கே நிறுத்தி, உன்னை மாதிரியே, இப்போ சின்னக் குஞ்சு மனசுல என்ன இருக்கும் என்று கேட்டேன். சந்தோஷம் என்பாள் என்றுதான் இருந்தேன்.

உஷா என் முகத்தையே பார்த்தாள். "அதுக்குத் தெரியும்மா. அம்மா மைனா ஜூட் சொல்லுது, பொய். கேட்டா அம்மா அழும்னுதான் சின்னது கேக்காம இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு ரஜாய் நுனியால் என் கன்னத்தைத் துடைத்தாள். நான் அழுதது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

உங்கப்பா கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். இனிமே மறைக்க வேண்டாம் தங்கம், நீயே சொல்லிடு என்கிறார். இன்றைக்கு மீதிக் கதையைக் கேட்பாள்.

நீ எங்கே இருந்தாலும் உடம்பு சுடாமல், பசி தெரியாமல் இரு கண்ணே. தங்கச்சி மனசு உனக்குத்தான் தெரியும். நீயாக இருந்தால் இதை அவளிடம் எப்படிச் சொல்வாய், பொம்மி?

உன் அம்மா,
தங்கம்